கதை எழுதச் சீட்டு எடுப்பதென்றால் எந்தக் கட்டு? டாரட், டிக்ஸிட், பகடை, நாமே செய்தது

குறி சொல்லப் பயன்படுத்தும் டாரட் படச்சீட்டில் ஒன்றை எடுத்து, அந்தப் படத்திலிருந்து கதை எழுதலாம் என்று சொன்னதும் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: டாரட்தான் வேண்டுமா, இல்லை டிக்ஸிட் மாதிரி படச்சீட்டு போதுமா, கதைப் பகடை மலிவாக இருக்கிறதே அது ஆகாதா, இதெல்லாம் எதற்கு, நாமே செய்துகொண்டால் என்ன? நான் இவற்றைத் தனியாகவும், நூலக அறையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்தும் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு இதில் திட்டவட்டமான கருத்து உண்டு, அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து சிறுகதை எழுதுபவர், ஒரே ஒரு கட்டுதான் வாங்கப்போகிறார் என்றால் டாரட் வாங்கட்டும். குழுவுக்கும் கவிதைக்கும் டிக்ஸிட். சின்னப் பிள்ளைகளுக்குப் பகடை. ஏற்கெனவே எழுதிப் பழகியவர்கள் டாரட்டோடு சொந்தமாக ஒரு கட்டும் செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

காரணங்களுக்கு வருவதற்கு முன் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் தமிழ் படித்தவர்கள் படக்கட்டுரை எழுதி வளர்ந்தவர்கள். வரிசையாகப் படங்கள், கூடவே உதவிச்சொற்கள். பையன் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் சாலையில் இறங்குகிறான், கார் வருகிறது, யாரோ ஓடிவந்து இழுக்கிறார்கள், கடைசியில் பையன் திருந்துகிறான். தேர்வுக்கு அது சரிதான், குறை சொல்லவில்லை. ஆனால் படத்தில் இருப்பதை வாக்கியமாக மாற்றுவதுதான் வேலை என்று கை பழகிவிடுகிறது, அந்தப் பழக்கம் நாற்பது வயதிலும் போவதில்லை. மலையுச்சியில் விளக்கோடு நிற்கும் கிழவர் படத்தைக் கொடுத்தால், "பனி படர்ந்த மலையுச்சியில் ஒரு முதியவர் கையில் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார்" என்று ஆரம்பித்து, அவருடைய தாடியை வருணித்து, விளக்கை வருணித்து, எட்டாவது வரியில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். கற்பனைக் குறைவு காரணமில்லை. படம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அல்லது அது கேட்டது இவர் காதில் விழவில்லை.

ஆகவே எந்தக் கட்டாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: சீட்டில் இருப்பவர் எதையோ செய்துகொண்டிருக்கும் நடுவில் பிடிபட்டிருக்கிறாரா? அதை ஏன் செய்கிறார் என்பது படத்திலேயே தெரிகிறதா, நம்மிடம் விடப்பட்டிருக்கிறதா? அடுத்ததாக, இரண்டு பத்தி எழுதிய பிறகு படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கதை தானாக நடக்குமா? இவை இரண்டும் இல்லாத சீட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்குப் படக்கட்டுரைதான் கிடைக்கும்.

இந்தச் சோதனையில் டாரட் தேறுவதற்கு ஒரு பெண்மணி காரணம். டாரட் பதினைந்தாம் நூற்றாண்டு வட இத்தாலியில் சாதாரணச் சீட்டாட்டமாகத் தொடங்கியது. குறி சொல்வதற்கு அதைப் பரவலாக எடுத்துக்கொண்டது பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸில்தான். மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டுகள்: மரணம், காதலர், கோபுரம், சந்திரன் என்று. மீதி 56 நம் வழக்கமான சீட்டுக்கட்டு மாதிரி நான்கு வகை: கோல், கிண்ணம், வாள், காசு. பழைய மார்செய் வகைக் கட்டுகளில் இந்தச் சிறிய சீட்டுகளில் கதையே கிடையாது, ஆறு வாள் என்றால் ஆறு வாள் வரைந்திருக்கும், அவ்வளவுதான். 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டுக்கு ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டம் போட்டுக் கொடுக்க, பமீலா கோல்மன் ஸ்மித் ஓவியம் வரைந்தார். நாடக மேடை வேலையில் பழகியவர் அவர். சிறிய சீட்டு ஒவ்வொன்றையும் ஒரு மேடைக் காட்சியாக மாற்றியவர் அவர்தான், அதற்கு முன் அப்படி முழுக்கப் படமாக வந்த கட்டுகள் மிக அரிது. அந்தக் கட்டு விற்ற அளவுக்கு அவருக்குப் பணமும் வரவில்லை, பெயரும் வரவில்லை. 1951இல் வறுமையில் இறந்தார். கட்டின் பெயரில்கூடப் பதிப்பாளரும் வெயிட்டும்தான் நெடுங்காலம் இருந்தார்கள். இப்போதாவது பலர் அவர் பெயரையும் சேர்த்து ரைடர்-வெயிட்-ஸ்மித் என்று சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம். கடையில் வாங்கும்போது இந்தக் கட்டா, அல்லது இதைப் பின்பற்றி வரைந்ததா என்று பார்த்து வாங்குங்கள். மார்செய் வகையை வாங்கினால் கதைக்கு வேண்டிய பாதி உங்கள் கைக்கு வராது.

வாள் ஆறு என்ற சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான படகு. பின்னால் நின்று ஒருவன் கோலால் தள்ளுகிறான். முன்னால் முக்காடிட்ட ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு குழந்தை, இருவரும் நமக்கு முதுகு காட்டுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஆறு வாள்கள் படகில் குத்திட்டு நிற்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர் அலையடிக்கிறது, மறுபக்கம் அசைவே இல்லை. படத்தில் இவ்வளவுதான். எங்கே போகிறாள், யாரை விட்டுப் போகிறாள், பணம் கொடுத்தாளா, குழந்தை அவளுடையதுதானா, எதற்கும் பதில் இல்லை.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். சாங்கி முனைப் படகுத்துறையில் புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். அவசரம் என்றால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து நாமே காசு கொடுத்துவிட்டுப் போகலாம். வார நாள், காலை நேரம், துறையில் ஆளில்லை. ஒரு பெண் ஒரு குழந்தையோடு வந்து பன்னிரண்டு பேருக்கான காசை எண்ணி வைக்கிறாள். படகுக்காரர், "கொஞ்சம் பொறுங்கள், ஆள் வரும்" என்கிறார். அவள் பொறுக்கமாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான், கதை பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் காத்திருக்க முடியாத அளவுக்கு அவளுக்குப் பின்னால் யார் வந்துகொண்டிருக்கிறார்கள்? அல்லது தீவில் யார் காத்திருக்கிறார்கள்? வாள்களை என்ன செய்வது என்று கேட்டால், அங்கேதான் இந்தச் சீட்டின் அருமை இருக்கிறது. படகின் அடியில் குத்தியிருக்கும் வாளைப் பிடுங்கினால் ஓட்டை விழும், தண்ணீர் உள்ளே வரும். வலிப்பது எதுவோ அதுதான் இப்போதைக்கு ஓட்டையை அடைத்துக்கொண்டும் இருக்கிறது. அவள் பையில் இருக்கும் ஏதோ ஒரு காகிதம், கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருக்கும் ஒரு குரல்பதிவு, அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், முழுக்கதையிலும் வாள் என்ற சொல்லே தேவைப்படாது. இரண்டு பத்திக்குள் படம் மறைந்துவிட்டது.

வாள் ஏழும் இப்படித்தான். கூடாரங்களுக்கு வெளியே ஒருவன் ஐந்து வாளை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான், திரும்பிப் பார்த்துக்கொண்டே. இரண்டு வாள் பின்னால் தரையில் நட்டபடி நிற்கிறது. ஏன் இரண்டை விட்டான்? கை கொள்ளவில்லையா, இரக்கமா, வேண்டுமென்றே தடயம் வைத்தானா? குடும்ப வியாபாரம், அலுவலகம், கோயில் நிர்வாகக் குழு, எங்கே வேண்டுமானாலும் இவனைக் கொண்டுபோய் நிறுத்தலாம்.

டாரட்டில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அந்த 22 பெரிய சீட்டுகள். மரணம், நீதி, பிசாசு என்று தலைப்பே கதையைச் சொல்லி முடித்துவிடுகிறது. கோபுரம் வந்தால் எதையாவது இடித்தே ஆகவேண்டும் என்று எழுதுபவருக்குத் தோன்றிவிடுகிறது. கதைக்குப் பதில் தத்துவம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே அந்த 22ஐயும் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மீதி 56இல் 16 சீட்டுகள் ஆட்கள்: ஒவ்வொரு வகைக்கும் ராஜா, ராணி, குதிரைவீரன், ஏவலன். மற்ற 40ம் நிகழ்ச்சிகள். இரண்டையும் தனித்தனிக் கட்டாகப் பிரித்து, ஆளில் ஒன்று, நிகழ்ச்சியில் ஒன்று எடுத்தாலே 640 சேர்க்கை. நிகழ்ச்சியில் இரண்டாக எடுத்து, ஒன்று இவருக்கு வேண்டியது, இன்னொன்று அதைத் தடுப்பது என்று வைத்துக்கொண்டால் சிறுகதைக்கு எலும்புக்கூடு கிடைத்துவிடும். பத்துச் சீட்டு விரித்துக் குறி பார்க்கும் முறைகளைக் கதைக்குக் கொண்டுவராதீர்கள், அவ்வளவு சுமையைச் சிறுகதை தாங்காது, நாவலுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். கூடவே வரும் சின்னப் புத்தகத்தையும் திறக்க வேண்டாம். இந்தச் சீட்டுக்கு இதுதான் பொருள் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நாம் யோசிப்பது நின்றுவிடும்.

டாரட்டை வைத்து எழுதுவது இலக்கியத்துக்கு ஒவ்வாத வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ 1973இல் ஒரு முழு நூலையே டாரட் சீட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கி, அந்த வரிசையிலிருந்து கதைகளை எடுத்து எழுதினார். இங்கே நூலக வரிசை எண்படி டாரட் புத்தகம் 133இல், மறைஞானப் பக்கம் இருக்கும், எழுத்துக்கலை 808இல் இருக்கும். நமக்கு வேண்டியது 808 பக்கம் இருந்து சீட்டைப் பார்க்கும் பார்வை.

இருந்தாலும் குழு என்று வந்துவிட்டால் டாரட்டை நான் முன்வைக்கமாட்டேன். நம் வாசகர் வட்டங்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்காருகிறார்கள், அதுதான் இந்த ஊரின் நல்ல விஷயமே. டாரட் சீட்டாட்டமாகத் தொடங்கியது, நாங்கள் குறி பார்க்கவில்லை என்று நாம் எவ்வளவு விளக்கினாலும், தொடமாட்டேன் என்பவருக்கு அது நம்பிக்கை சார்ந்த விஷயம். ஒரு முறை மூத்தவர் ஒருவர் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம் தம்பி, தப்பா நினைக்காதீங்க" என்றார், அன்று அவர் எழுதாமலே வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். எழுத வந்தவர் எழுதாமல் வீடு திரும்புவதற்கு ஒரு சீட்டுக்கட்டு காரணமாக இருக்கக்கூடாது. பள்ளிக்கூடத்துக்கும் இதே கணக்குத்தான், பெற்றோருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அந்த இடத்துக்கு டிக்ஸிட் நன்றாகப் பொருந்தும். 2008இல் பிரான்ஸில் வந்த விளையாட்டு, ஜான்-லூயி ரூபிரா உருவாக்கியது, மாரி கார்டுவா வரைந்தது. 2010இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது. 84 சீட்டு, ஒன்றிலும் எழுத்து கிடையாது, எந்த மொழிக்காரரும் விளையாடலாம். கனவில் வருவது மாதிரியான படங்கள். நம் குழுவில் தமிழ் சரளமாக வராத இளையர் ஒருவர் இருந்தால் அவரும் கூச்சமில்லாமல் வாய் திறப்பார், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் ஆங்கிலம் கலந்து ஆரம்பிப்பார், படம் பிடித்துப்போனால் சொல்லைத் தேடிப் பக்கத்திலிருப்பவரைக் கேட்பார், "அக்கா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று. அந்தக் கேள்விக்காகவே டிக்ஸிட்டை மேசையில் வைக்கலாம்.

கவிஞர்களுக்கு நான் டிக்ஸிட்டைச் சொல்வதற்கு வேறு காரணம், அது படத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. ஒருவர் தன் சீட்டைக் காட்டாமல் ஒரு குறிப்பு மட்டும் சொல்வார். மற்றவர்களும் அந்தக் குறிப்புக்கு ஒத்துப்போகிற சீட்டு ஒன்றை ஆளுக்கொன்றாகக் கவிழ்த்துப் போடுவார்கள். எல்லாவற்றையும் கலந்து விரித்து, குறிப்புச் சொன்னவருடையது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் கண்டுபிடித்துவிட்டால் குறிப்புச் சொன்னவருக்குப் புள்ளி கிடையாது. ஒருவருமே கண்டுபிடிக்கவில்லை என்றாலும் கிடையாது. சிலருக்குப் புரிந்து சிலருக்குப் புரியாமல் இருந்தால்தான் புள்ளி. கவிதையில் எவ்வளவு சொல்வது, எவ்வளவு மறைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி மேசையில் கிடைக்காது. சங்கக் கவிதையின் உள்ளுறையைப் பாடமாக நடத்துவதற்கு முன் ஒரு சுற்று டிக்ஸிட் ஆடிவிட்டு நடத்தினால், தலைவி ஏன் நேராகச் சொல்லாமல் நண்டையும் நாரையையும் பற்றிப் பேசுகிறாள் என்பது மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

சிறுகதைக்கு மட்டும் டிக்ஸிட் எனக்கு அலுத்துவிட்டது. ஓவியரே உருவகத்தைப் படத்துக்குள் முடித்து வைத்துவிடுகிறார், நமக்கு மிச்சம் வைப்பது வருணனை மட்டும். எந்தச் சீட்டை எடுத்தாலும் எழுத்தில் அதே மெல்லிய ஏக்கம், அதே கனவு வாடை. கடன்காரன் வாசலில் நிற்பதையோ, அண்ணன் தம்பி வீட்டை விற்பதில் சண்டை போடுவதையோ டிக்ஸிட் சீட்டிலிருந்து எழுதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. டாரட்டில் காசு என்று ஒரு வகையே தனியாக இருக்கிறது, அது கதைக்காரருக்குப் பெரிய வரம். பனியில் இரண்டு பரதேசிகள், ஒருவன் ஊன்றுகோலோடு, விளக்கெரியும் தேவாலயச் சன்னலைத் தாண்டி நடக்கும் காசு ஐந்து சீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் இது புரியும். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள், ஏன் உள்ளே போகவில்லை?

கதைப் பகடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்பது பகடை, 54 சின்னங்கள், உருட்டினால் ஒரு கோடிக்கு மேற்பட்ட சேர்க்கை வரும் என்பது கணக்குப்படி உண்மை. ஆனால் சாவி, ஆடு, விமானம் என்று பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். ஒருவருடைய தயக்கம் என்று எதுவும் கிடையாது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிக் கதையை நீட்டிக்கொண்டு போக அருமையான பொருள், சிரித்துக்கொண்டே வினைமுற்றும் இணைப்புச்சொல்லும் பழகிவிடுவார்கள். பெரியவர்கள் எழுதுவதற்கு வேண்டாம்.

எழுத்து மட்டும் உள்ள சீட்டுகளும் உண்டு. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975இல் வெளியிட்ட கட்டு அதில் பேர்பெற்றது, வேலையின் நடுவில் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு வரியில் யோசனை சொல்லும் சீட்டுகள். அது தொடங்குவதற்கானது இல்லை, முதல் வரைவு முடிந்து கதை அசையாமல் கிடக்கும்போது எடுத்துப் பார்ப்பதற்கானது.

தமிழர்கள் கூடியிருந்து சீட்டைப் பற்றிப் பேசினால் யாராவது கிளி ஜோசியத்தை இழுக்காமல் இருக்கமாட்டார்கள், அதுவும் சிங்கப்பூரில். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சிராங்கூன் சாலைக் கிளி மணி காலிறுதி முடிவுகளைச் சரியாக எடுத்துக் கொடுத்து வெளிநாட்டுச் செய்திகளில் வந்ததும், இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்துக் கொடுக்க ஸ்பெயின் வென்றதும் பலருக்கு நினைவிருக்கும். கிளி எடுக்கும் சீட்டுகளில் பெரும்பாலும் சாமி படங்கள், புத்தரும் மாதாவும்கூட வருவார்கள். அந்தச் சீட்டுகளைக் கதைக்குப் பயன்படுத்தலாமே, நம்முடையதாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. முருகன் படம் வந்தால் முருகனுக்கு ஏற்கெனவே கதை இருக்கிறது, அதைத் தாண்டி நாம் போகவும் மாட்டோம், போக மனமும் வராது. கும்பிடும் படத்தைக் கதைக்கான கச்சாப்பொருளாக வைத்துக்கொண்டு நம்மால் எழுத முடியாது. ஆனால் ஜோசியரிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர் சீட்டைக் கொஞ்சம்தான் பார்ப்பார், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைத்தான் அதிகம் பார்த்துச் சொல்வார். நமக்கும் சீட்டைவிடக் கதாபாத்திரத்தின் முகம் முக்கியம்.

இனி நாமே செய்துகொள்ளும் கட்டு. இதில்தான் நான் அதிகம் ஈடுபாடு காட்டுகிறேன், இதில்தான் ஆபத்தும் அதிகம்.

பெரும்பாலோர் முதலில் செய்வது பழைய சிங்கப்பூர்ப் படங்களைச் சேகரிப்பது. தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தொகுப்பில் புகைப்படங்கள் கொட்டிக்கிடக்கின்றன, நூலக வாரியத்தின் தொகுப்பில் பழைய அஞ்சலட்டைகளும் உண்டு. சிங்கப்பூர் ஆற்றில் நெருக்கியடித்து நிற்கும் சரக்குப் படகுகள், கம்போங் வீடுகள், பழைய தேக்கா சந்தை. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். எடுத்து எழுதினால் எல்லாரும் தாத்தாவைப் பற்றி எழுதுவார்கள். தாத்தா வந்தார், உழைத்தார், கம்போங் இருந்தது, இப்போது இல்லை. அந்த நினைவுகள் உண்மையானவை, எழுதப்பட வேண்டியவை, ஆனால் அவற்றை எழுத நமக்குச் சீட்டு தேவையே இல்லை, சீட்டு இல்லாமலே அவை தாமாக வரும். சீட்டின் வேலை நாம் தானாகத் தேர்ந்தெடுக்காத ஒன்றைக் கையில் திணிப்பது. தெரிந்த ஊரின் படம் அதைச் செய்வதில்லை, ஏற்கெனவே நமக்குள் இருக்கும் தடத்திலேயே வண்டியை விட்டுவிடுகிறது. பனியும் தேவாலயமும் வாளுமாக இருக்கும் டாரட் நமக்கு அந்நியமாக இருப்பதே அதன் பலம் என்று நான் நினைப்பது இதனால்தான். அந்தப் படத்தில் நம் தாத்தா இல்லை, நாம் யோசித்தாக வேண்டும்.

அப்படியானால் நம் ஊர் எங்கே வரும்? அதற்குத் தொல்காப்பியத்தின் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அந்த நிலத்தைச் சேர்ந்தவை. உரிப்பொருள் என்றால் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். மூன்று குவியல் சீட்டுக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் வேறு எந்த மொழியிலிருந்து நமக்கு வர வேண்டும்?

முதல் குவியலில் இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி, இரவு பதினொன்றரை. தேக்கா ஈரச்சந்தை, தீபாவளிக்கு முதல் நாள். சாங்கி வருகைக் கூடம், விடியற்காலை. பேருந்து நிறுத்தம், டிசம்பர் மழை. ஊழியர்களை ஏற்றிச் செல்லும் லாரியின் பின்பக்கம், மாலை ஏழு. இரண்டாவது குவியலில் பொருள்கள், இங்கே படம் ஒட்டலாம்: விடிவதற்கு முன்பே கூவி ஆளை எழுப்பும் குயில், தூங்குமூஞ்சி மரம், நீர்நாய், கயிறு கட்டிய கோப்பிப் பை, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் சட்டை, மடித்து வைத்த ஃபோர்-டி லாட்டரிச் சீட்டு. விலங்கும் செடியும் படமாக வேண்டும் என்றால் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கும் ஃபார்குவார் ஓவியத் தொகுப்பைப் பாருங்கள், 477 நீர்வண்ண ஓவியங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் தெரியாத சீன ஓவியர்கள் வரைந்தவை, இந்த வட்டாரத்துப் பறவையும் பழமும் விலங்கும் அதில் அப்படி உயிரோடு இருக்கின்றன. மூன்றாவது குவியலில் ஐந்து உரிப்பொருளும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சீட்டாக.

மூன்றிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்தால் சாங்கி வருகைக் கூடம், கோப்பிப் பை, ஊடல் என்று வரும். ஆளை வரவேற்க வந்த இடத்தில் ஊடலா? ஒரு நிலத்துக்கு உரிய உணர்வு இன்னொரு நிலத்தில் கலந்து வரும் திணை மயக்கத்துக்குத் தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது, குலுக்கலில் அது தானாக நடந்துவிடுகிறது, கதை அங்கேதான் சூடு பிடிக்கும். ஊருக்குப் போய்த் திரும்புகிற கணவன், கோப்பி ஆறிக்கொண்டிருக்கிற பையைக் கொடுக்காமலே நிற்கிற மனைவி.

ஒரு குறை உண்டு. நாமே எழுதிய சீட்டு நமக்கு மனப்பாடம், சீக்கிரமே ஆச்சரியம் போய்விடும். ஐந்து பேர் சேர்ந்து ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு சீட்டு எழுதி, ஒருவருக்கொருவர் காட்டாமல் கலந்துவிட்டால் இது பெரும்பாலும் தீரும். அக்காவின் சீட்டு தம்பிக்கு வரட்டும், கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர் எழுதிய சீட்டு வங்கியில் வேலை செய்பவருக்கு வரட்டும்.

தனியாக எழுதும்போது நான் இப்போது செய்வது கலப்பு. என்ன நடக்கிறது என்பதை டாரட்டின் 40 நிகழ்ச்சிச் சீட்டிலிருந்து எடுக்கிறேன், எங்கே, எப்போது, எந்தப் பொருளோடு என்பதை வீட்டுக் கட்டிலிருந்து எடுக்கிறேன். ஆள் எனக்கு ஏற்கெனவே மனத்தில் இருந்தால் 16 ஆட்களைத் தொடுவதில்லை. சீட்டைப் பத்து நிமிடம் பார்ப்பது, கேள்விகளை மட்டும் எழுதிக்கொள்வது, பிறகு கவிழ்த்து வைத்துவிட்டு எழுதுவது. கவிழ்த்து வைப்பது கட்டாயம், கண்முன் படம் இருந்தால் கை மறுபடியும் படக்கட்டுரைக்குப் போய்விடும்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். டிக்ஸிட் டாரட்டைவிட விலை கூட, குழுவாகப் பங்கு போட்டு வாங்குவது நல்லது, வாங்குவதற்கு முன் பலகை விளையாட்டுக் கடைகளில் உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம். டாரட்டில் தகரப் பெட்டியில் வரும் சின்ன அளவுக் கட்டு எம்ஆர்டி ரயிலில் எடுத்துப் போக வசதி, ஆனால் முகங்கள் ரொம்பச் சின்னதாகிவிடும், வயதானவர்கள் வழக்கமான அளவையே வாங்குங்கள். வாங்க வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது: ஸ்மித் இறந்து 70 ஆண்டு தாண்டிவிட்டதால் 1909 ஓவியங்களுக்கு இங்கே காப்புரிமை முடிந்துவிட்டது, பழைய பதிப்பின் படங்களை எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், பிற்காலத்தில் புதிதாக வண்ணம் தீட்டிய பதிப்புகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கெட்டி அட்டை பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் கிடைக்கும். வீட்டுக் கட்டுக்கு அதே அட்டை, ஒரே அளவில் வெட்டி, பின்பக்கம் ஒரே நிறமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எது எந்தச் சீட்டு என்று கை கண்டுபிடித்து, பிடித்ததையே எடுக்க ஆரம்பித்துவிடும்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு எழுத்துப் பட்டறை நடத்தப்போகிறவர்கள் என்னைக் கேட்டால், முதல் அரைமணி டிக்ஸிட், விதியோடு ஆடுங்கள்; அடுத்து மூன்று குவியலையும் வந்தவர்களையே எழுதவைத்துக் கலந்துவிடுங்கள்; டாரட்டைக் கொண்டுபோக வேண்டாம், வீட்டில் தனியாக எழுதப்போகிறவர்களுக்குக் கட்டின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.